தாலி கட்டும் நேரத்தில் நின்றுபோன படம்

(தலைப்பு: வீட்டில் படம் நின்று நின்று ஓடுவதற்குக் காரணம் வெளியே இருக்கும் இணைப்பா? வீட்டுக்குள் இருக்கும் நாமா? ‘வீட்டுக்குள் இருக்கும் நாமே’ என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிர் வரிசையிலே அமர்ந்து, கம்பெனிக்காரர்களை வறுத்தெடுத்துக் களைத்துப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்களே! 

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன அழகாகப் பேசினார்! "மாசம் பொறந்தா பணம் வாங்குறான். நூறு மெகாபிட் வேகம் தர்றேங்கிறான். ராத்திரி படம் போட்டா, கதாநாயகன் வில்லனை அடிக்கக் கையை ஓங்குறான், அப்படியே நிக்கிறான். நடுவுல ஒரு வட்டம் சுத்துது. அடி விழுறதுக்குள்ள வில்லன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துடுவான் போல" என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், மறைக்கவில்லை. (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வட்டம் சுற்றும்போது நம் நண்பர் என்ன செய்தார்? கம்பெனிக்குப் போன் போட்டார். எழுந்து போய், வீட்டிலே அந்த வைஃபை டப்பா எந்த மூலையில் கிடக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்தாரா? வயிறு வலித்தால் மளிகைக் கடைக்காரரையா முதலில் திட்டுவோம்? நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்றுதானே யோசிப்போம்! (கைதட்டல்)

நான் ஊரார் கதை சொல்லப் போவதில்லை. என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

2020-ஆம் வருஷம், ஜூன் மாசம். கொரோனா ஊரடங்கு. நாங்கள் மதுரை. என் நாத்தனார் கோயம்புத்தூர். அவர் மகனுக்குக் கல்யாணம், வைகாசி முகூர்த்தம். 50 பேருக்கு மேல் கூடக்கூடாது, ஊர் விட்டு ஊர் போக இ-பாஸ் வேண்டும் என்றிருந்த காலம். எங்க மாமியாருக்கு அப்போது வயசு 81. எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? "கல்யாணத்தை நேரலையா காட்டுறாங்க அத்தை, வீட்டுல இருந்தே பார்த்துடலாம்" என்று சொன்னோம்.

அந்த அம்மா விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, குளித்து, பட்டுப் புடவை கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசி, டி.வி. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வலது கையிலே அட்சதை. மடியிலே இல்லை, தட்டிலே இல்லை, கைக்குள்ளே மூடி வைத்திருக்கிறார்கள். மூத்த பேரன் அல்லவா!

ஐயர் மந்திரம் சொல்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாச்சு. "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" தவில் உயருது, நாகஸ்வரம் உயருது, மாப்பிள்ளை குனிகிறான்... நின்றுபோச்சு. படம் அப்படியே நின்றுபோச்சு. நடுவுல வட்டம் சுத்துது.

வீடே அலறுது. "டேய், அந்த ஸ்விட்சை அமுக்கு!" "போனை ஆட்டாதே!" "ரிமோட்டை எடு!" ஒரு நிமிஷம் ஆச்சு. ஒன்றரை நிமிஷம் ஆச்சு. மறுபடி படம் வந்தபோது மணமக்கள் எழுந்து நிற்கிறார்கள். பெண் கழுத்தில் தாலி இருக்கு. எங்க அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "தாலி கட்டியாச்சாம்மா?" என்று கேட்டார்கள். "ஆச்சு அத்தை" என்றேன். கை இன்னும் மூடியபடியே இருந்தது. மெல்லத் திறந்து, அந்த அட்சதையை டி.வி. மேல் தூவினார்கள்.

(அமைதி)

நடுவர் அவர்களே, ஒரு சினிமா நின்றால் நாளைக்குப் பார்க்கலாம். அந்த ஒரு நிமிஷத்தை யார் திருப்பித் தருவார்?

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! நம் எதிரணி நண்பர் பேசினாரே, அதே வசனம். கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு அரை மணி நேரம் பட்டிமன்றமே நடத்தினார். வீட்டிலே அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம் பாருங்கள், மொத்தத்தையும் அன்றைக்குத் தீர்த்துக்கொண்டார். (சிரிப்பு)

நடுவர்: இப்பவும் நீங்கதான் பேசிக்கிட்டிருக்கீங்க. அவர் கீழே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கார். (பலத்த சிரிப்பு)

மறுநாள் ஒரு பையன் வந்தான், முகக்கவசம் போட்டுக்கொண்டு. இருபத்திரண்டு வயசு இருக்கும். சண்டை போடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்தான். ஒரு வயரை எடுத்து, ரூட்டர் டப்பாவுக்கும் கணினிக்கும் நேராகச் சொருகினான். வேகத்தை அளந்தான். 96 மெகாபிட்! நாங்கள் பணம் கட்டுவது 100-க்கு. அப்புறம் வயரைக் கழற்றிவிட்டு, அதே கணினியைத் தூக்கிக்கொண்டு அத்தை ரூமுக்குப் போனான். அங்கே வைஃபையில் அளந்தான். 3 காட்டியது. கொஞ்சம் பொறுத்து 1. அப்புறம் மறுபடி 3.

"அண்ணே, எங்க ரோடு உங்க வாசல் வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. வாசல்ல இருந்து பாட்டி ரூமுக்குப் போற பாதைதான் சரியில்லை" என்றான். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே! (சிரிப்பு)

இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும் என்கிறேன். வயரில் அளந்தால் வெளியே இருந்து வருவது தெரியும். வைஃபையில் அளந்தால் வீட்டுக்குள் கிடைப்பது தெரியும். வயரிலேயே வேகம் இல்லை என்றால், நண்பரே, நீங்கள் கம்பெனிக்குப் போன் போடுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து திட்டுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு ஊரே படம் பார்க்கும்போது வெளியிலும் நெரிசல் வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயரிலே 96, ரூமிலே 3 என்றால் குற்றவாளி யார்? வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான்! (கைதட்டல்)

சரி, எங்கள் வீட்டுக் குற்றவாளி யார்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான்தான்.

அந்த டப்பா கறுப்பாக, மூன்று கொம்போடு, பார்க்க லட்சணமாக இல்லை என்று, ஹாலில் ஷோகேஸுக்குள்ளே கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அதற்கு முன்னால் என்ன அடுக்கி வைத்தேன் தெரியுமா? பட்டிமன்றத்தில் பேசி நான் வாங்கிய பித்தளை ஷீல்டுகள்! (பலத்த சிரிப்பு) என் புகழ்தான் என் மாமியாரின் கண்ணை மறைத்திருக்கிறது, நடுவர் அவர்களே!

நடுவர்: இனிமே உங்களுக்கு ஷீல்டு கிடையாது, துண்டுதான். (சிரிப்பு)

வைஃபை என்பது மாயம் இல்லை. நம் வானொலிப் பெட்டிக்கு வருகிறதே, அதே இனத்து அலைதான். உலோகம் அதைத் தடுத்துத் திருப்பி அடிக்கும். தண்ணீர் அதைக் குடித்துவிடும். மீன் தொட்டிக்குப் பின்னால் வைத்தால் மீனுக்குத்தான் படம் தெரியும். தூரம் இரண்டு பங்கானால் சக்தி நாலில் ஒரு பங்காகக் குறையும். அதிலே சுவரும் குறுக்கே வந்தால் இன்னும் போச்சு. எங்கள் வீட்டில் ஷோகேஸ், ஷீல்டு, ஒன்பது அங்குலச் சுவர், அடுக்களை, ஃப்ரிட்ஜ், இன்னொரு சுவர், அத்தையின் இரும்பு பீரோ! இத்தனையும் தாண்டி அந்த அலை போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

அலை சுவரில் மோதித் திரும்பி, ஒன்று முன்னால் ஒன்று பின்னால் வந்து குழப்பும். கல்யாண மண்டபத்தில் மைக்கில் பேசினால் எதிரொலித்து ஒன்றும் புரியாதே, அதே மாதிரி. அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுக்கும் வழியை ஆஸ்திரேலியாவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்கிற ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் முதலானவர்கள் கண்டுபிடித்து, 1996-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார்கள். சுவரைச் சமாளிக்க அவர்கள் வழி கண்டார்கள். மதுரையில் ஒருத்தி ஷீல்டு அடுக்கி வைப்பாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை! (சிரிப்பு)

இத்தோடு முடிந்ததா? இல்லை. பெரிய குற்றம் இனிமேல்தான் வருகிறது.

இந்த மேடையைப் பாருங்கள். இப்போது நான் பேசுகிறேன். எதிரணித் தலைவர் எழுந்து அவரும் இதே மைக்கில் பேசினால் என்ன ஆகும்? இரண்டு பேர் பேச்சும் யாருக்கும் புரியாது. ஒருத்தர் முடித்த பிறகுதான் இன்னொருத்தர். வைஃபையும் இதே கதைதான். ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவிதான் பேச முடியும். இந்தச் சிக்கலை முதன்முதலில் பெரிதாகக் கையாண்டவர்கள் ஹவாய்த் தீவுப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். 1971-இல் நார்மன் ஆப்ரம்சன் என்பவர் தலைமையில், தீவுகளுக்கு நடுவே வானொலி அலை மூலம் கணினித் தகவல் அனுப்பினார்கள். "அலோஹாநெட்" என்று பெயர். அவர்கள் முறை என்ன? யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு பேர் பேச்சு மோதிக்கொண்டால், ஆளுக்குக் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி பேசலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த முறையில் அதிகபட்சமே 100-க்கு 18 பங்குதான் தேறும். மிச்சமெல்லாம் மோதலிலும் சும்மா கிடப்பதிலும் வீண். கூட்டுக்குடும்பத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது போலத்தான்! (சிரிப்பு) இன்றைய வைஃபை கொஞ்சம் நாகரிகமானது. காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால்தான் வாய் திறக்கும். ஆனாலும் மைக் ஒன்றுதான். நேரத்தைப் பங்கு போட்டே ஆக வேண்டும்.

இப்போது கல்யாணத்தன்று காலை என் வீட்டுக்கு வாருங்கள். அத்தை ரூமில் டி.வி., கல்யாணம் ஓடுகிறது. நான் அடுக்களையில் கேசரி கிளறிக்கொண்டே போனில் பார்க்கிறேன். எதை? அதே கல்யாணத்தை! என் மகன் ஹாலில் தன் போனில் பார்க்கிறான். அதே கல்யாணத்தை! என் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நடந்துகொண்டே பார்க்கிறார். அதே கல்யாணத்தை! ஒரே வீடு, ஒரே கல்யாணம், நாலு திரை! ஒரு மைக்குக்கு நாலு பேர் அடிதடி! (பலத்த கைதட்டல்)

அதிலும் மாடியில் இருந்தவரால்தான் பெரிய வினை. தூரத்தில் இருக்கும் போனுக்கு சிக்னல் குறைவு. சிக்னல் குறைந்தால் அது மெதுவாகத்தான் பேசும். மெதுவாகப் பேசுகிறவர் மைக்கைப் பிடித்தால் என்ன ஆகும்? நடுவருக்குத் தெரியும். மணி அடித்தாலும் இறங்க மாட்டார். (சிரிப்பு) பக்கத்தில் இருக்கிற வேகமான கருவிகள்கூட அவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

"முந்தின நாள் ராத்திரி அதே டி.வி.யில் சினிமா ஒழுங்காக ஓடியதே?" என்று எதிரணி கேட்கலாம். ஓடியது. சினிமா என்பது மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த வீடு. படத்தை முன்கூட்டியே துண்டு துண்டாக இறக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் வராவிட்டாலும் தொட்டியில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும். நேரலை என்பது தொட்டி இல்லாத வீடு. நடக்க நடக்கத்தானே படம் வரும், எதைச் சேர்த்து வைப்பது? குழாய் நின்றால் குளியல் நின்றது. அதனால்தான் வீட்டு வைஃபையின் லட்சணம் நேரலையிலும் வீடியோ காலிலும் முதலில் வெளியே தெரிகிறது.

இன்னொரு நண்பர், "பெரிய பிளான் போட்டால் சரியாகிவிடும்" என்றார். 300 மெகாபிட் வாங்கச் சொன்னார். ஐயா, நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே வாடிக்கையாளருக்குச் சொல்லும் கணக்கு என்ன? முழு எச்.டி. படத்துக்கு 5 மெகாபிட் போதும். 4கே என்கிற உயர்ந்த படத்துக்கு 15. எங்கள் வாசலுக்கு வந்ததோ 96! ஆறு திரையில் 4கே ஓட்டலாம். வாசலில் லாரி நிறைய அரிசி இறக்கிவிட்டு, அடுக்களைக்குக் கரண்டியால் அள்ளிக்கொண்டு போனால் சோறு எப்போது பொங்குவது? இன்னொரு லாரி வரவழைத்தால் ஆகிவிடுமா? (கைதட்டல்)

பிறகு என்ன செய்தோம்? தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் வேலைக்குக் காலணா செலவில்லை. ரூட்டரை ஷோகேஸிலிருந்து விடுதலை செய்து, வீட்டுக்கு நடுவாக, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகையில் வைத்தோம். அத்தை ரூமில் 3 காட்டியது 20-ஐத் தாண்டியது.

இரண்டாவது, அந்த டப்பாவுக்கு இரண்டு குரல் உண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வு. இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது தவில் மாதிரி, சுவர் தாண்டியும் கேட்கும். ஆனால் அது ஊருக்குப் பொதுவான மைதானம். 2005-இலேயே மத்திய அரசு அதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான். அப்பளம் சுட்டால் படம் நடுங்கும்! (சிரிப்பு) அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் அதில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எதில் கூட்டம் குறைவோ அதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. இரண்டாவது குரல் வேகமானது, கூட்டமும் குறைவு, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். ஆகவே ஹாலில் பக்கத்திலேயே இருக்கும் கருவிகளை 5-இல் சேர்த்தோம். தூரத்துப் போன்களை 2.4-இல் விட்டோம்.

மூன்றாவது, நகராத பொருளுக்கு வயர். போன் நடமாடும், அதற்கு வைஃபை வேண்டும். டி.வி. எங்கே போகப் போகிறது? அதுதான் அத்தை மாதிரி, போட்ட இடத்தில் இருக்கிறதே! ரூட்டரிலிருந்து அத்தை ரூமுக்குச் சுவரோரமாக ஒரு நெட்வொர்க் வயர் இழுத்தோம். அந்த வயர் 100 மீட்டர் வரை தாங்கும். எங்கள் வீட்டுக்கு 20 மீட்டர் போதுமாக இருந்தது. டி.வி. மைக் சண்டையிலிருந்தே விலகிவிட்டது. அதற்கென்று தனி மைக்! 

வயர் இழுக்க முடியாத வீட்டுக்கு ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். வாங்குங்கள். ஆனால் விலை குறைந்த ரிப்பீட்டர் கேட்பதும் சொல்வதும் ஒரே வாயால். வேகத்தில் பாதியை அதுவே விழுங்கும். அதையும் சிக்னல் வராத ரூமிலேயே வைத்தால் எதைக் கேட்டு எதைத் திருப்பிச் சொல்லும்? சிக்னல் நன்றாக இருக்கும் நடுவழியில் வையுங்கள்.

நாலாவதுதான் முக்கியம். அதை எந்தக் கடையிலும் விற்கவில்லை. அதைச் சொல்லி முடிக்கிறேன், நடுவர் அவர்களே, மணி அடித்துவிடாதீர்கள்.

2021-இல் அந்தப் பேரனுக்குக் குழந்தை பிறந்தது. பேர் வைக்கிற விழா. மறுபடி நேரலை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் மாடிக்குப் போகவில்லை. என் மகன் போனைக் கவிழ்த்து வைத்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அத்தை காலடியில் பாய் விரித்து, நாலு பேரும் ஒரே டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். கல்யாணத்தன்று நாலு மூலையில் இருந்து நாலு திரையில் பார்த்த அதே நாலு பேர்! கோயம்புத்தூரில் குழந்தையின் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னார்கள். படம் நிற்கவில்லை, நடுங்கவில்லை. அது எங்க மாமனார் பேர். எங்க அத்தை கையிலிருந்த அட்சதையை, சொல்லி முடித்த அந்த நொடியிலேயே தூவினார்கள். பாதி என் தலையில் விழுந்தது. "இந்தத் தடவை சரியா விழுந்துச்சும்மா" என்று சொல்லிச் சிரித்தார்கள். (கைதட்டல்)

கம்பெனி மாறவில்லை. பிளான் மாறவில்லை. அதே 100 மெகாபிட்தான். மாறியது டப்பா இருந்த இடமும் நாங்கள் உட்கார்ந்த இடமும்தான். அதனால், அடுத்த தடவை வட்டம் சுற்றினால் போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு வயரை எடுங்கள், அளந்து பாருங்கள், அப்புறம் உங்கள் ஷோகேஸைத் திறந்து பாருங்கள் என்று எதிரணி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் படம் நின்று நின்று ஓடுவதற்குப் பெரிதும் காரணம் வீட்டுக்குள் இருக்கும் நாமே, நாமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)